காற்றில்லாமல் எண்பது கிலோமீட்டர்

காரைக்கால்,
3 நவம்பர் 2025

திருமதி ஆஸியா பீவி அவர்களுக்கு,

வணக்கம். அறுபத்திரண்டு வருடங்களாக உங்களை நீ என்று அழைத்து வந்தேன். சென்ற வியாழக்கிழமையோடு அது முடிந்தது. போனிலும் பேசப்போவதில்லை. போனில் நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் சிரிப்பைக் கேட்டால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சொல்ல வந்தது நின்றுபோகும். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

முதலில் என் மனக்குறை. வியாழக்கிழமை உங்கள் டயர் கடைக்கு ஒரு வாடிக்கையாளராக வந்தேன். என் காருக்கு ரன்-ஃபிளாட் டயரே மறுபடியும் போடலாமா, சாதாரண டயருக்கு மாறலாமா என்று கேட்டேன். நீங்கள் சாதாரண டயரே போதும் என்றீர்கள். இந்தக் காரில் மாற்றுச் சக்கரம் வைக்க இடமே கிடையாதே என்றேன். அதற்கு நீங்கள், டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று லாரி டிரைவர்களுக்கும் கேட்கும்படியாக, "தனியேல் உக்கார்ற சீட்டுல ஒரு ஸ்டெப்னியப் போட்டுக்கடி. பேச்சுத் துணைக்கும் ஆச்சு" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு அல்லியிடம் இதைச் சொன்னேன். அவள்தான் தயங்கித் தயங்கி அந்தச் சொல்லுக்கு லாரி டிரைவர்கள் மத்தியில் இன்னொரு பொருள் இருப்பதைச் சொன்னாள். கல்யாணமான ஆண் வெளியே வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அப்படிப் பெயராம். இறந்த என் கணவரின் இருக்கையில் அதை உட்காரவைக்கச் சொன்னீர்கள். அதைக்கூடப் பொறுப்பேன். பொருள் தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேனே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுத்தில் மன்னிப்பு எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவது, வியாபாரம். தனியேல் தன் எழுபதாவது வயதில் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. இரண்டே கதவு, தரையோடு தரையாக இருக்கும், சிவப்பு நிறம். அவர் போய் மூன்று வருடமாக நான் தனியாக ஓட்டுகிறேன். ரன்-ஃபிளாட் டயரில் காற்று முழுவதும் இறங்கினாலும் அதன் பக்கச் சுவர் கனமாக இருப்பதால் வண்டி அதன்மேல் நின்று எண்பது கிலோமீட்டர் ஓடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும். சாலையோரம் நின்று, வருகிறவன் போகிறவன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டும் நிலை எனக்கு வரக்கூடாது.

அவசரம் எதற்கு என்றால், வருகிற 21ஆம் தேதி நான் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூதரக அலுவலகமான கொன்சுலாவில் இருக்க வேண்டும். தனியேலின் இராணுவப் பென்ஷன் எனக்கு வருவதற்கு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடந்தோறும் சான்று கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நேரில் போகிறவள்.

டிசம்பரில் என் மகன் வின்சான் பிரான்சில் லியோனிலிருந்து வருகிறான். கார் இப்போது அவன் பெயரில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். சென்னையில் ஒருவரிடம் விற்கப் பேசி வைத்திருக்கிறான். "எழுபத்தி நாலு வயசுல இது வேணாம், மாமான். நான் வந்து பக்கத்துல உக்காந்து பாக்குறேன். சரியில்லன்னா குடுத்துடுவோம்" என்றான். மாமான், மாமான் என்று பிரெஞ்சில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே நான் பெற்ற பிள்ளை எனக்குப் பரீட்சை வைக்கிறான். அதற்குள் வண்டியில் ஒரு குறையும் இருக்கக்கூடாது.

நான்கு ரன்-ஃபிளாட் டயர் வரவழைத்துத் தர முடியுமா, முடியாதா? ஒரு வரியில் பதில் போதும்.

இப்படிக்கு,
தெரேஸ் தனியேல்

*

786

திருமலைராயன்பட்டினம்,
6 நவம்பர்

என் தெரேசுக்கு,

நீங்கள் என்று படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான். அந்த முத்து முத்தான எழுத்தும் உன்னுடையதுதான். எட்டுக் கிலோமீட்டர் வர மூன்று நாள் ஆகியிருக்கிறது. நீ அந்தக் காரில் வந்திருந்தால் பத்து நிமிடம்.

ஸ்டெப்னி விஷயம். டயர் கடையில் ஸ்டெப்னி என்றால் ஸ்டெப்னி. கேட்கிறவன் மனதில் ஓடுவதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் தெரிந்துதான் சொன்னேன். ஆனால் நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உன் தனியேல் போனபிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீ கோபமாகவே இரு, பறவாயில்லை.

டயர் விஷயம். ஒரு வரியில் பதில் வேண்டுமாம். என் வீட்டுக்காரர் காதர் பாட்சா மவுத்தாகி ஏழு வருடமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரியில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ரன்-ஃபிளாட் நல்ல சாமான்தான். நல்ல ரோட்டுக்கு நல்ல சாமான். நம் ரோடு எப்படி என்று உனக்கே தெரியும். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குக் கரி ஏற்றப் போகிற லாரிகள் உழுதுபோட்ட ரோடு, அதன்மேல் இந்த மழை. அந்தப் பக்கச் சுவர் கட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் நேராக உன் இடுப்புக்கு வந்து சேரும். ஒரு தடவை காற்றில்லாமல் ஓட்டினால் பிறகு ஒட்டுப்போடவும் முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான். புதிது சென்னையிலிருந்து வர நாலு நாள். சாதாரண டயர் என்றால் எந்த மரத்தடியிலும் ஒருத்தன் பஞ்சர் ஒட்டுவான். மெத்தென்று போகும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது என்கிறாய். நின்றால் என்ன? இறங்கி யாரையாவது கேள். எல்லோரும் அப்படித்தான் பிழைக்கிறோம்.

என் மகன் அஜ்மீர் சொல்கிறான்: "உம்மா, மதாம் எதக் கேக்குறாங்களோ அத மாட்டி விட்ருவோம். நமக்கென்ன?"

"நமக்கென்னன்னு சொல்லாதடா. அவ இடுப்பு எனக்குத் தெரியும்" என்றேன்.

நீ வந்த அன்றே அஜ்மீர் அளவைக் குறித்து வைத்துவிட்டான். வரவழைக்கிறேன். எனக்குப் பிடிக்காமல்தான்.

ஆஸியா

*

காரைக்கால்,
15 நவம்பர்

திருமதி ஆஸியா பீவி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். ரகரமும் றகரமும் ஏழு இடங்களில் இடம் மாறியுள்ளன. "பறவாயில்லை" என்று எழுதும் ஒருவரைப் பள்ளியில் மதர் கரொலின் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியிருப்பார். நிறுத்தினார், நீங்கள்தான் நின்றீர்கள். பயனில்லை.

மன்னிப்பு என்ற சொல் கடிதத்தில் இருந்தது. மன்னிப்பு இல்லை.

டயர்கள் வந்தன. அஜ்மீர் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து காரை எடுத்துப்போய், மாட்டி, துடைத்து, மாலையே கொண்டுவந்து நிறுத்தினான். நன்றி. அவன் உங்களைவிடக் குறைவாகப் பேசுகிறான் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

திருநள்ளாறு வரை ஓட்டிப் பார்த்தேன். மிகவும் உறுதியாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வேகத்தடையில் என் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. அது கண்ணாடியின் குறை. வீட்டுக்கு வந்ததும் முதுகு சற்றுப் பிடித்துக்கொண்டது. அது பனிக்காற்று.

நீங்கள் எழுதிய ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "இறங்கி யாரையாவது கேள்" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அது சுலபம். கடை வைத்திருக்கிறீர்கள், நாள் முழுவதும் ஆட்கள் வருகிறார்கள், கேட்டுக் கேட்டுப் பழக்கம். நான் தனியேல் இருந்தபோது தனியேலைக் கேட்டேன். அதற்குப் பிறகு யாரையும் எதுவும் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டரைக்கூட நானே உருட்டுகிறேன். கேட்காமல் இருக்கும் வரைக்கும்தான் வின்சானுக்கு நான் பதில் சொல்ல முடியும்.

21ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன்.

தெரேஸ் தனியேல்

*

786

திருமலைராயன்பட்டினம்,
18 நவம்பர்

தெரேஸ்,

சிவப்பு மைக் கடிதத்தைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டேன். வருகிறவர்களெல்லாம் படிக்கிறார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் இது ஏதோ பட்டயம் என்று நினைத்துக் கேட்டார்.

முதுகுக்குப் பனிக்காற்றா? சரி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்பது கிலோமீட்டர், எண்பது கிலோமீட்டர் என்கிறாயே, இங்கிருந்து புதுச்சேரி எவ்வளவு? நூற்று முப்பது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே காற்று இறங்கினால் முன்னால் போக எண்பதுக்கு மேல், பின்னால் வந்தால் வேலை கெடும். அஜ்மீரை அழைத்துக்கொண்டு போ. இல்லை, என்னை அழைத்துக்கொண்டு போ. வாயை மூடிக்கொண்டு வருகிறேன். குறைந்தது என் போன் நம்பரையாவது பிளாக் பண்ணாமல் வை.

ஆஸியா

*

786

திருமலைராயன்பட்டினம்,
22 நவம்பர்

தெரேஸ்,

இதுவரை உனக்கு எழுதியதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியது. இது அப்படி இல்லை. நேற்று உன் பக்கத்திலேயே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று எட்டே காலுக்கு அஜ்மீர் போனும் கையுமாக உள்ளே ஓடி வந்தான். "உம்மா, மதாம் சீர்காழிலேர்ந்து பேசினாங்க. 'உங்க அம்மாகிட்ட குருவேன்னு சொல்லு, அவளுக்குப் புரியும்'னாங்க. கட்டாயிடுச்சு. திருப்பி அடிச்சா போகல."

"குருவேயா? யாருடா குரு?"

"தெரியல உம்மா. ரெண்டு தடவ சொன்னாங்க. ழே குருவே, ழே குருவேன்னு."

அப்போதுதான் எனக்குத் தலையில் விழுந்தது. க்ரெவே! ஆறாம் வகுப்பில் மதர் கரொலின் நடத்திய பிரெஞ்சுப் பாடம். கிணற்றில் விழுந்த நாய். கடைசி வரியில் நாய் க்ரெவே. செத்துப்போனது. அறுபது வருடத்தில் நான் மறக்காமல் வைத்திருக்கிற பிரெஞ்சு பத்து வார்த்தை. அதில் அது ஒன்று. ழே என்றால் நான். நான் செத்தேன்!

"செத்தவங்க எப்படி உம்மா போன் பண்ணுவாங்க?" என்று அஜ்மீர் கேட்டான். நியாயமான கேள்விதான். "சாகப்போறேன்னு சொல்லிருப்பாடா, வண்டிய எடு!" என்றேன். டயர் ஏற்றுகிற வேனில், அந்த ரப்பர் நாற்றத்தில், செருப்புகூடப் போடாமல் ஏறினேன். வழியில் உன் எதிர்வீட்டு அல்லிக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அழுதேன். அது மட்டும் தெரியும்.

சீர்காழியில் வந்து பார்த்தால் நீ பேக்கரி வாசலில் விசிறிக்கு நேராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருக்கிறாய். ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ என்ன சொன்னாய்? "சேலை கசங்கும், கொன்சுலாவுக்குப் போகணும்."

பஞ்சர் என்று தமிழில் சொன்னால் உன் நாக்கு தேய்ந்துவிடுமா?

இனி டயர். அஜ்மீர் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். விரல் நீள இரும்புத் துண்டு, லாரியிலிருந்து விழுந்தது, பக்கவாட்டில் கிழித்திருக்கிறது. ஒரே நொடியில் காற்று போயிருக்கும். "உம்மா, சாதா டயரா இருந்திருந்தா, அந்த வேகத்துக்கு மதாம் வாய்க்கால்ல கெடந்திருப்பாங்க" என்றான். உனக்குச் சாதாரண டயர் போடு, போடு என்று நச்சரித்தவள் நான்தானே. நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. கிழிந்ததற்குப் பதில் புதிய ரன்-ஃபிளாட் சொல்லியாகிவிட்டது. வந்ததும் அஜ்மீர் சீர்காழிக்குப் போய், அங்கே நிற்கிற வண்டியில் மாட்டிக் கொண்டுவந்து விடுவான். இடுப்பு போனால் போகட்டும்.

ஸ்டெப்னிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சிவப்பு மையில் திருத்தினாயானால் கொன்றுவிடுவேன்.

ஆஸியா

*

காரைக்கால்,
25 நவம்பர்

அன்புள்ள ஆஸியா,

உன் கடிதத்தில் இரண்டே பிழைகள்தான். திருத்தவில்லை.

மனிதர் இறந்தால் "மோர்". மிருகம் செத்தால் "க்ரெவே". டயர் போனாலும் அதே "க்ரெவே"தான். என் டயர் பஞ்சராகிவிட்டது என்றுதான் நான் சொன்னேன். நாய்ப் பாடத்தோடு நீ நிறுத்திவிட்டாய். மறு வருடம் சைக்கிள் பாடம் இருந்தது. அப்போது நீ பெரியவளாகிவிட்டாய் என்று உன் வாப்பா பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார். அது உன் தவறில்லை என்பதை எழுதும்போதே உணர்கிறேன்.

தமிழில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். டயர் மாட்டிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. பேக்கரியில் எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்தது உன் மகன். பஞ்சர் என்றால் அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். பிரெஞ்சில் சொன்னால் நீ மட்டும்தான் சிரிப்பாய். நீ மட்டும் சிரித்தால் போகட்டும் என்றிருந்தது. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துபோனது.

நடந்ததைச் சொல்கிறேன். சீர்காழியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சத்தம், உடனே திரையில் மஞ்சள் விளக்கு. வண்டி ஒரு விரற்கடைகூட விலகவில்லை. அந்த விஷயத்தில் அஜ்மீர் சொல்வது சரியாக இருக்கலாம். ஐம்பதில் உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். புதுச்சேரிக்கு எண்பத்தைந்துக்கு மேல். வீட்டுக்கு நாற்பத்து நான்கு. நீ 18ஆம் தேதி எழுதிய அதே இடம். உன்மேல் மிகவும் கோபம் வந்தது.

சீர்காழிக்குத் திரும்பினேன். மூன்று பஞ்சர் கடை. மூன்றிலும் ஆள் இருந்தது, கருவி இருந்தது. "இது நமக்குப் பழக்கமில்லாத டயரும்மா, தொட்டா வெனையாயிடும்" என்று மூன்று பேரும் சொன்னார்கள். கடைசிக் கடைக்காரர், அறுபது வயதிருக்கும், காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாதா டயரா இருந்தா பத்து நிமிஷத்துல அனுப்பியிருப்பேம்மா" என்று, ஏதோ தன் வீட்டு விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்புகிறவர் போல வருத்தப்பட்டார். அவர்தான் என்னைப் பேக்கரியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பன்னும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான், நான் கேட்கவில்லை.

காரை அவர் கடையிலேயே விட்டுவிட்டு உன் வேனில் போய், கொன்சுலாவில் நான் கையெழுத்துப் போட்டபோது மணி பன்னிரண்டு நாற்பது. அந்த அதிகாரி சிறு பெண். உயிரோடு இருப்பதை உறுதி செய்ய என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் சேலையில் இருந்த டயர் கறையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள். வெளியே வந்தால் நீ வேனுக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. நீங்கள் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டீர்கள். அல்லிக்கு மறுபடி போன் செய்யவும் நீ மறந்திருந்தாய். என் வாசலில் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வைத்திருந்தது. பந்தல்காரர் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். அல்லி என்னைப் பார்த்ததும் வீல் என்று கத்தினாள், பிறகு, "மதாம், நீங்க போயிட்டீங்கன்னு ஆஸியாம்மா சொன்னாங்களே!" என்று என்மேலேயே குற்றம் சொல்வது போல அழுதாள். உயிரோடு இருப்பதற்குச் சர்க்கார் முத்திரை வாங்கிக்கொண்டு வந்த அன்றே எனக்கு நாற்காலி போட்டாயிற்று. ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பி போடச் சொன்னேன். பந்தல்காரருக்கும் சேர்த்து.

ஐம்பது நாற்காலி என்று யார் சொன்னது என்று அல்லியைக் கேட்டேன். நீதான் சொன்னாயாம். இருபது பேர்கூட வரமாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

சீர்காழி வரைக்கும் நீ அழுதுகொண்டே வந்தாய் என்று அஜ்மீர் தனியாகச் சொன்னான். சேலை கசங்கும் என்று சொன்னதற்கு வருந்துகிறேன்.

டயர். யோசித்துவிட்டேன். நான்கும் சாதாரண டயராக மாற்றிக்கொடு. அவசரத்துக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பும் ஓட்டை அடைக்கும் பசையும் பின்னால் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் மேல் போனால் இறங்குகிறேன்.

அன்புடன்,
தெரேஸ்

*

786

திருமலைராயன்பட்டினம்,
28 நவம்பர்

தெரேஸ்,

முடியாது.

ஒரு வரியில் பதில் கேட்டாயே, இதோ.

இந்த மாதம் 6ஆம் தேதி நான் என்ன சொன்னேனோ அதை நீ இப்போது என்னிடம் சொல்கிறாய். நீ அன்று சொன்னதை நான் இன்று சொல்கிறேன். எனக்கு வெட்கமில்லை. நீ செத்துவிட்டாய் என்று நம்பி ஒரு மணி நேரம் வேனில் வந்தவள் நான். நீ பன் தின்றுகொண்டிருந்தாய். உனக்கு அது தெரியாது. என் கடையில் உனக்குச் சாதாரண டயர் கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு.

அஜ்மீர் சிரிக்கிறான். "உம்மா, நீங்க ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்க. நான் எதத்தான் ஆர்டர் பண்றது?" என்கிறான்.

ஐம்பதும் போதாது. நூறு சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸியா

*

காரைக்கால்,
1 டிசம்பர்

அன்புள்ள ஆஸியா,

நீ பயப்படுகிறாய். புரிகிறது. பயத்துக்குப் பதில் நான் வேகத்தில் தருகிறேன். சீர்காழியில் நான் தொண்ணூறில் போனேன். இதை வின்சானிடம் சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன். இனி எழுபதைத் தாண்ட மாட்டேன். எழுதித் தருகிறேன்: எழுபது. மாதம் இரண்டு முறை உன் கடைக்கே வந்து காற்றுப் பார்த்துக்கொள்கிறேன்.

ரன்-ஃபிளாட் என்னைக் காப்பாற்றியது. மறுக்கவில்லை. ஆனால் நான் அதைக் கேட்டது வாய்க்காலுக்குப் பயந்து அல்ல, மனிதருக்குப் பயந்து. அந்தக் காரணம் இப்போது இல்லை. மீதி இருப்பது முதுகுவலி மட்டும். பனிக்காற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீ போட மாட்டாய் என்றால் நாகப்பட்டினத்தில் போட்டுக்கொள்வேன். ரசீதை உனக்குத் தபாலில் அனுப்புவேன்.

தெரேஸ்

*

786

திருமலைராயன்பட்டினம்,
5 டிசம்பர்

நாகப்பட்டினமா! என் சவத்தைத் தாண்டிப் போ.

புதன்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு நீயே வா. மழைக்கு நன்றாகப் பிடிக்கிற டயராக நாலு எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நட்டும் என் கண் முன்னால் இறுக்க வேண்டும். கழற்றப்போகிற நாலு ரன்-ஃபிளாட்டுக்கும் அஜ்மீர் ஆள் பார்க்கிறான். எழுபது என்று எழுதித் தந்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் திருத்த எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, உன் எழுத்தாயிற்றே.

லாரிக்காரர்கள் இருந்தால் வெளியே அனுப்பிவிடுகிறேன். வேண்டாமென்றால் இருக்கட்டும். உன் இஷ்டம்.

ஆஸியா

*

காரைக்கால்,
30 டிசம்பர்

அன்புள்ள ஆஸியா,

நேரில் வந்தால் வின்சானும் வருவான். அவன் எதிரில் இதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று பரீட்சை நடந்தது. கும்பகோணம் வரை போய்வர வேண்டும் என்றான். ஏறும்போதே, "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமான். நீ எப்பவும் போல ஓட்டு" என்றான். ஆனால் கண்ணாடியில் நான் பின்னால் பார்க்கிறேனா என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான். திரும்பும்போது விளக்குப் போடுகிறேனா என்று எட்டிப் பார்த்தான். திருநள்ளாறு தாண்டும் வரை நான் மூச்சுக்கூட அளந்துதான் விட்டேன். சாலையில் பாதி மழைத் தண்ணீர். உன் டயர்கள் ஒன்றும் பேசவில்லை. பள்ளம் வந்தது, போனது. வந்ததும் போனதும் எனக்கு ஸ்டீயரிங்கில்தான் தெரிந்தது, முதுகில் தெரியவில்லை.

பேரளம் ரயில்வே கேட்டில் நிறுத்தினேன். கேட்டைத் தூரத்திலேயே கவனித்து வேகத்தைக் குறைத்தேன் என்பதை அவன் பார்த்தானா என்று திரும்பினேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆஸியா, லியோனில் அவன் இரவில் மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறான் என்று அவன் மனைவி லொரேன் ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறாள். அவனிடம் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இங்கே வந்தும் நான்கு நாளாக விடியற்காலையில் எழுந்து வீட்டுக்குள் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அவன், ஐம்பது வயதுக்காரன், சீட் பெல்ட்டில் தலையைச் சாய்த்து, சின்ன வயதில் தூங்குவது போலவே கீழுதட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கினான். கேட் திறந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவன் அசையவில்லை.

அதன்பிறகு நான் ஓட்டியது போல என் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. எழுபது எங்கே, நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. மாட்டு வண்டிக்குக்கூட ஹாரன் அடிக்கவில்லை. பொறுமையாகப் பின்னால் போனேன். ஒரு டிராக்டர்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டேன்.

கும்பகோணம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. வண்டியை நிறுத்தினால் விழித்துக்கொள்வான் என்று தோன்றியது. ஊருக்கு வெளியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பினேன். திருநள்ளாறு கிட்டத்தில் கண்ணைத் திறந்தான். வெளியே பார்த்தான்.

"கும்பகோணம் வந்துருச்சா, மாமான்?"

"வந்துட்டுப் போயிடுச்சு" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். பரீட்சையில் நான் என்ன ஆனேன் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவனுக்கு, காரை வாங்கப் பேசியிருந்த சென்னைக்காரரிடமிருந்து போன் வந்தது. நான் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். எதிர்ப்பக்கம் என்னவோ தொகையைக் கூட்டிச் சொன்னார் போலிருக்கிறது.

"இல்ல சார், விலைக்காகச் சொல்லல" என்றான் என் மகன். "வண்டிய அம்மா ஓட்டிக்கிட்டிருக்காங்க."

உன்,
தெரேஸ்